லொறியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் கைக்கருவிகளைப் பத்திரமாக வைக்கும் முறை

நெற்செய்கையிலும் மரக்கறிச் செய்கையிலும் ஈடுபட்டுள்ள கமக்காரருட் பலர் இன்று தமது வீட்டு வாசலிலேயே காணியை உடையவரல்லர். கல்முனை, அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களில் வாழ்வோர் மேற்கே பல கிலோமீற்றர் தொலைவிலுள்ள வட்டைகளுக்குச் சென்று, வாடியிலே தங்கி வேளாண்மை செய்கின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து கிளிநொச்சிக் காணிகளுக்குப் போய்வருவோர் உளர். மலைநாட்டில் ஒரு சரிவிற் குடியிருந்து மறு சரிவிற் குத்தகைத் தோட்டஞ் செய்வோரும் உளர். இவர்கள் எல்லோரும் விதைப்பு முதல் அறுவடை வரை மண்வெட்டி, காட்டுக்கத்தி, அரிவாள், கோடரி, அலவாங்கு, முள்ளு ஆகியவற்றை வாகனத்தில் ஏற்றியும் இறக்கியும் வருகின்றனர்.

முன்னாளில் இக்கருவிகள் மாட்டுவண்டிலிற் சென்றன. வண்டில் மனிதன் நடக்கும் வேகத்திற் போவது. அதிற் பரப்பிய வைக்கோலில் மண்வெட்டியைச் செருகிவிட்டு அதன் அருகே ஒருவர் உறங்கிக்கொண்டு போனாலும் பெருந் தீங்கு நேர்வது அரிது. இன்று வண்டிலின் இடத்துக்கு லொறியும், பட்டா என்று வழங்கப்படும் சிறு லொறியும், லான்ட்மாஸ்டர் எனப்படும் இருசில்லு உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியும் வந்துவிட்டன. வாகனம் மாறியதேயன்றிக் கருவிகளை வைக்கும் முறை மாறவில்லை. வண்டிலில் எறிந்ததுபோலவே லொறியிலும் எறிகின்றோம். இதனால் வரும் கேடுகள் எவை, அவற்றை எவ்வாறு தடுக்கலாம் என்பதே இப்பிரசுரத்தின் பொருளாகும்.

வேகத்தின் விளைவு

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் லொறி ஒன்று ஒரு மரத்திலோ மதகிலோ மோதி உடனே நின்றுவிட்டால், அதன் தட்டிற் கட்டப்படாது கிடக்கும் அலவாங்கு உடன் நில்லாது. லொறி எவ்வேகத்திற் சென்றதோ அவ்வேகத்திலேயே அது முன்னோக்கிப் பாயும். அது ஏறக்குறைய 20 அடி உயரத்திலிருந்து விழும் பொருள் நிலத்தைத் தொடும்போது கொண்டிருக்கும் வேகத்துக்குச் சமமாகும். வாகனத்தின் வேகம் 60 கிலோமீற்றராயின் அவ்வுயரம் 46 அடியாக ஏறிவிடும். வேகம் ஒன்றரை மடங்கு ஆகும்போது, அடியின் வலிமை இரண்டு மடங்குக்கு மேல் உயருகின்றது. வளர்ந்த தென்னையின் வட்டிலிருந்து ஒருவர் அலவாங்கைக் கீழே விடப்போகின்றார் என்றால், அதன் கீழே நிற்க எவரும் உடன்படார். ஆயினும் லொறித் தட்டிற் கூர்முனை முன்னோக்கியபடி கிடக்கும் அலவாங்குக்கு முன்னே நம்மவர் குந்தியிருந்து பயணஞ் செய்கின்றனர்.

இருசில்லு உழவு இயந்திரம் இவ்வளவு விரைவாகச் செல்வதில்லை என்பது உண்மையே. ஆனால் அதற்கென வேறொரு கேடு உண்டு. அதன் சாரதி இழுவைப் பெட்டியின் முன்புறத்திலுள்ள இருக்கையில், பெட்டிக்கு முதுகு காட்டியவாறு அமர்ந்திருக்கின்றார். பெட்டியிற் கிடக்கும் கத்தியும் முள்ளும் அவரது முதுகிலிருந்து ஓரிரு அடி தூரத்திலேயே உள்ளன. இழுவைப் பெட்டிகளுட் பலவற்றிற்கு வில் கிடையாது. வாய்க்காலைக் கடக்கும்போதும் வரம்பில் ஏறி இறங்கும்போதும் பெட்டியிலுள்ளவை யாவும் துள்ளி எழுகின்றன. இறக்கத்தில் இயந்திரம் திடீரெனத் தடுக்கப்படும்போது பெட்டியிலுள்ளவை சாரதியை நோக்கியே வழுக்கி வருகின்றன.

மனிதருக்கு யாதொரு தீங்கும் நேராத நாளிலுங்கூடக் கருவிகள் கெடுகின்றன. தீட்டி வைத்த அரிவாளின் பல்லு அலவாங்கில் உரசி மழுங்கும். மண்வெட்டியின் அலகு கோடரியில் மோதி வாய் உடையும். ஓயாத குலுக்கலிற் பிடியின் ஆப்புத் தளரும். காலையில் வயலுக்கு வந்து சேர்ந்ததும் அரைமணி நேரம் தீட்டுவதிலும் பிடி இறுக்குவதிலும் கழிகின்றது. நாட்கூலிக்கு ஆட்களை அழைத்துச் செல்பவர் இவ்வரைமணியை ஆட்களின் தொகையாற் பெருக்கிப் பார்த்தால், பெட்டி ஒன்று செய்வதற்கான செலவு பெரிதாகத் தோன்றாது.

ஏற்றுமுன் செய்யவேண்டியவை

சேறு படிந்த கருவியை ஏற்றலாகாது. களிமண் ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். வாய்க்கால் நீரிற் கழுவி, ஒருபிடி வைக்கோலாலோ பழந்துணியாலோ துடைத்துவிடுதல் வேண்டும். பசளை இட்ட நாளில் இதனைக் கட்டாயமாகச் செய்யவேண்டும். பொட்டாசுப் பசளை கடலுப்பின் இனத்தைச் சேர்ந்த ஓர் உப்பாகும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, இரும்பை விரைவில் அரிக்கும். வெற்றுப் பசளைச் சாக்கினாற் கத்தியைச் சுற்றிவைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கத்தியைக் காப்பதாக எண்ணி அதனைக் கெடுக்கும் வழியே இது.

துடைத்த பின் அலகின்மீது சிறிதளவு தேங்காயெண்ணெய் பூசினாற் போதும். உழவு இயந்திரத்திலிருந்து வடித்த கழிவெண்ணெயைப் பூசுவது இலகுவானதும் செலவற்றதுமாயினும், அதனை நாம் ஆதரிப்பதில்லை. தோலில் நாட்பட்டுப் படுமிடத்துப் புற்றுநோயை உண்டாக்கத்தக்க பொருள்கள் அதில் உள்ளன. மேலும் கீரையும் இலைக்கோசும் வெட்டும் கத்தியில் அது இருக்கத் தகாது.

பிடியைக் கையாற் பற்றி அலகை அசைத்துப் பார்க்க. ஆடுமாயின் ஆப்பு அடித்து இறுக்குக. பிடி தளர்ந்த மண்வெட்டியை இரவில் நீரில் ஊறவிட்டு மரத்தை வீங்கச் செய்யும் பழைய உபாயம் ஒருநாள் வேலைக்கே உதவும். வீங்கிய மரம் இரும்பு வளையத்துள் நெரிந்து, காய்ந்தபின் முன்னையிலும் அதிகமாகச் சுருங்கும். ஆகவே அடுத்த நாள் அந்த மண்வெட்டி முன்னையிலும் ஆபத்தானது. காய்ந்த வைரமரத்தாற் செய்த ஆப்பே உரிய மருந்து.

வாய்க்கும் முனைக்கும் உறை

வெட்டும் வாயும் குத்தும் முனையும் மூடப்படாத எந்தக் கருவியும் வாகனத்தில் ஏறக்கூடாது. உறை செய்வதற்குக் கடைக்குச் செல்லவேண்டியதில்லை.

அரிவாளுக்குப் பழைய சைக்கிள் ரயர் மிகப் பொருத்தமானது. ரயரின் இயற்கையான வளைவு அரிவாளின் வளைவோடு பெரும்பாலும் இசைந்துவரும். அலகின் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதன் உட்பள்ளத்தில் அரிவாளின் பல்லு படியுமாறு வைத்து, இரண்டு இடங்களில் ரியூப் நாடாவாற் கட்டிவிடுக. வெட்டுக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு அரிவாள்களைக் கொண்டுசெல்ல நேர்ந்தால், உறையிட்டவற்றை ஒன்றன் வளைவில் மற்றொன்று படியுமாறு அடுக்கி, ஐந்தாறாகச் சேர்த்துக் கட்டலாம். ரயரின் ஓரத்திலுள்ள கம்பியை முன்னரே அகற்றிவிடுவது நன்று. இல்லையேல் அக்கம்பி பல்லை மழுக்கும்.

காட்டுக்கத்திக்கு இரண்டு மெல்லிய பலகைச் சலாகைகளை, இடையிற் கத்தியின் தடிப்பளவு இடைவெளி இருக்குமாறு ஆணியறைந்து உறை செய்யலாம். நீர்க்குழாய்க்குப் பயன்படும் பீ.வீ.சீ. குழாயின் ஒரு துண்டை நீளவாக்கில் ஒருபுறம் அரிந்து, அவ்வரிவினுட் கத்தியின் வாயைச் செருகினால் அதுவும் நல்ல உறையாகும். கோடரி வாய்க்கும் இதுவே போதும். கமுகம்பாளையாற் சுற்றுவோரும் உளர். அது காய்ந்திருக்கும் வரையிற் குற்றமில்லை. மழையில் நனைந்தபின் மெத்தென்றாகி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

முள்ளின் பற்களையும் அலவாங்கின் முனையையும் காய்ந்த தேங்காய்ப் பொச்சுமட்டையிற் குத்திவிடுவது ஊர்ப்புறத்துச் சுலப வழி. நாமும் அதனைக் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும் நெடுந்தூரப் பயணத்தில் மட்டை கழன்றுவிடுவதுண்டு. ஆதலால் ஒரு கயிறு கொண்டு பிடியோடு சேர்த்துக் கட்டவேண்டும். அலவாங்கின் கூர்முனைக்கு, ஒருபக்கம் மூடியிட்ட பீ.வீ.சீ. குழாய்த் துண்டு ஒன்றை நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளலாம்.

கருவிப் பெட்டி

சொந்தமாக லொறியோ இழுவைப் பெட்டியோ உடையவர், அதன் முன்பலகையை ஒட்டிக் குறுக்காக ஒரு மரப்பெட்டியை நிலையாகப் பொருத்துவதே யாவற்றிலும் சிறந்தது. பெட்டியை முன்பலகையை ஒட்டி வைப்பதற்குக் காரணம் உண்டு. வாகனம் தடுக்கப்படும்போது யாவும் முன்னோக்கி ஓடும். முன்னரே முன்பலகையோடு சாய்ந்திருக்கும் பெட்டிக்கு ஓட இடமில்லை. பின்புறத்தில் வைத்த பெட்டியோ, கட்டு அறுந்தால், தட்டின் முழு நீளமும் ஓடி வேகங்கொண்டு வந்து மோதும்.

சிறு லொறியின் தட்டு ஏறக்குறைய 7 அடி நீளமும் 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது. அதற்கு 4 அடி நீளமும் 15 அங்குல அகலமும் உள்ள பெட்டி போதுமானது. பெட்டியின் உயரம் முன்பலகைப் பக்கத்தில் 18 அங்குலமாகவும் மறுபக்கத்தில் 16 அங்குலமாகவும் இருக்கட்டும். இதனால் மூடி சரிவாக அமையும். மழைநீர் வழிந்தோடும் என்பது ஒரு பயன். மற்றைய பயன், சரிந்த மூடியில் எவரும் வசதியாக உட்காரமாட்டார் என்பதே. தட்டையான மூடியுள்ள பெட்டி எங்கிருந்தாலும் அது சில நாளில் இருக்கையாகிவிடும். இருக்கையானபின் கருவி எடுப்பதற்காக எவரும் எழுந்து இடங்கொடார்.

பக்கங்களுக்கு முக்கால் அங்குலத் தடிப்புள்ள வேப்பம் பலகை நன்று. பாரங் குறையவேண்டுமாயின் மலைவேம்பைக் கொள்ளலாம். அடிப்பலகை ஓரங்குலத் தடிப்புடையதாய், இரண்டு சட்டங்களின்மேல் தட்டிலிருந்து ஓரங்குலம் உயர்ந்து நிற்கவேண்டும். அடியில் அரை அங்குலத் துளைகள் ஆறேழு இடுக. ஈரம் வெளியேற வழியற்ற பெட்டி கருவிகளைத் துருவுக்கு இரையாக்கும். மூடியின் பிணைச்சல்களை முன்பலகைப் பக்கத்தில் வைத்தால், திறந்த மூடி முன்பலகையிற் சாய்ந்து நிற்கும். ஒருவர் அதனைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கொண்டியும் ஆமைப்பூட்டும் இன்றியமையாதன. பூட்டு கள்வருக்காக மாத்திரமன்று. வாகனம் கவிழ நேரின் மூடி திறவாதிருப்பதற்கும் அதுவே காவல்.

பெட்டியைத் தட்டுடன் பொருத்த அரை அங்குலப் போல்ட்டுகள் நான்கு வேண்டும். கீழ்ப்புறத்தில் அகன்ற வாசர் இட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு நட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்குக. ஒற்றை நட்டு குலுக்கலிற் கழலும். துளையிடுமுன் வாகனத்தின் அடியிற் படுத்துப் பார்த்தல் அவசியம். தடுப்புக் குழாய், எரிபொருட் குழாய், மின்கம்பி ஆகியவை தட்டின் கீழேதான் செல்கின்றன. இதில் ஐயமுள்ளவர் துளையிடும் வேலையை வாகனந் திருத்துபவரிடம் விடுவதே தக்கது.

பெட்டியின் உள்ளே மூன்றிலொரு பங்கைக் குறுக்குப் பலகையாற் பிரித்து, அரம், தீட்டுக்கல், உதிரி ஆப்புகள், ரியூப் நாடா, சிறு கத்தி முதலியவற்றுக்கு ஒதுக்குக. எஞ்சிய பகுதியின் நீளத்தில் மண்வெட்டிப் பிடி அடங்காதாயின், குறுக்குப் பலகையின் மேற்பாதியில் ஒரு வெட்டு விட்டு, பிடியின் நுனி அதன்வழியே மறுபகுதிக்குள் நீளுமாறு செய்யலாம். மண்வெட்டிகளை ஒன்றின் அலகு வலப்புறமும் அடுத்ததன் அலகு இடப்புறமும் இருக்கத்தக்கதாக மாற்றி மாற்றி வைத்தால், நான்கைந்து மண்வெட்டிகள் இடமின்றி நெருங்காமல் அடங்கும். அவற்றின்மேற் கோடரியும், அதன்மேல் உறையிட்ட கத்தி அரிவாள்களும் வைக்கப்படும். பாரமானது அடியில் என்பது பொது விதி. இடைவெளிகளில் வெற்றுச் சாக்கைத் திணித்தால் ஓசையும் உரசலும் அடங்கும். பெட்டியிலிருந்து ஓசை வருகின்றதென்றால் உள்ளே ஏதோ ஒன்று மழுங்கிக்கொண்டிருக்கின்றது என்று அறிந்துகொள்ளலாம்.

வாடகை லொறியில் வருவோருக்கு

நம்மவருட் பெரும்பாலோர் பிறருடைய லொறியை வாடகைக்கு அமர்த்துவோராதலின், பிறர் தட்டிலே துளையிட இயலாது. அவர்கள் இதே பெட்டியைச் சிறிதாகச் செய்து, இரண்டு நுனிகளிலும் கயிற்றுக் கைபிடி இட்டு, வீட்டிலிருந்து தூக்கிவந்து முன்பலகையோடு வைத்து, தட்டின் பக்கக் கொளுக்கிகளில் இருபுறமும் கட்டலாம். தும்புக் கயிறு நனைந்தால் இறுகிக் காய்ந்தால் தளரும் இயல்புடையது. ஆகவே புறப்பட்டு ஐந்து கிலோமீற்றர் சென்றதும் ஒருமுறை இறங்கிக் கட்டைப் பார்த்துக்கொள்ளவேண்டும். எக்கயிறாயினும் இதனைத் தவிர்த்தலாகாது.

பெட்டியும் இல்லாதவர், உறையிட்ட கருவிகளை ஒரு படங்கின்மேற் பரப்பி, அலகுகள் எல்லாம் ஒரே பக்கம் சேராமல் இருபக்கமும் மாறி நிற்குமாறு வைத்துச் சுருட்டி, மூன்றிடத்திற் கட்டுக. அச்சுருளை முன்பலகையை ஒட்டிக் குறுக்காகக் கிடத்தி, அதன் பின்னே நெல்மூட்டை அல்லது பசளைமூட்டை இரண்டை அணையாக நிறுத்துக. இது பெட்டிக்கு ஈடாகாது. எனினும் வெறுந் தட்டில் எறிவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

நீண்ட கருவிகள்

அலவாங்கு 5 முதல் 6 அடி நீளமுடையது. சிறு லொறியிற் குறுக்கே அடங்காது. அதனைப் பக்கப்பலகையின் உட்புறத்தில், தட்டோடு படிந்தவாறு நீளவாக்கிற் கிடத்தி, முனை பின்னோக்க, தலைப்பக்கம் முன்பலகையைத் தொட வைத்து, இரண்டிடத்தில் இறுகக் கட்டவேண்டும். பக்கப்பலகையின் அடியில் இரண்டு இரும்புக் கொளுவிகளைப் பொருத்தி அவற்றுட் செருகிவிட்டால் இன்னும் நன்று. மூட்டைகளின்மேல் அலவாங்கைச் சாய்த்து வைப்பதும், கயிறு இறுக்குவதற்காக மேலே செருகிவிட்டு மறந்துவிடுவதும் பெருந்தவறுகள்.

கொக்கைத்தடியின் நுனியிலுள்ள சத்தகத்தைக் கழற்றிப் பெட்டியில் இட்டபின்பே தடியை ஏற்றுக. தடியோ மூங்கிலோ பின்பலகைக்கு வெளியே நீண்டால் பகலிற் சிவப்புத் துணியும் இரவிற் சிவப்பு விளக்கும் நுனியிற் கட்டப்படவேண்டும். மோட்டார் சைக்கிளிற் பின்னே வருபவரின் முகம் அந்நுனியின் உயரத்திலேயே உள்ளது.

இயந்திரப் புல்வெட்டியின் அலகைக் கழற்றியோ மூடியோ வைக்கவேண்டும். அதற்குரிய பெற்றோலை இறுக மூடிய கலத்தில், வெயிலும் உராய்வும் படாத இடத்தில் நிமிர்த்தி வைக்கவேண்டும்.

ஆட்கள், விளைபொருள், மருந்து

கருவி செல்லும் தட்டில் ஆட்கள் செல்லாதிருப்பதே சரியானது. ஆயினும் விதைப்புக்கும் வெட்டுக்கும் ஆட்களும் ஆயுதங்களும் ஒரே வாகனத்திற் போவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அதனைத் தவிர்க்கவியலாத இடத்து இரண்டு விதிகளையேனும் கடைப்பிடிக்க. மூடிப் பூட்டப்படாத கருவி ஒன்றேனும் தட்டில் இருக்கக்கூடாது. கருவிக்கும் முன்பலகைக்கும் இடையில் எவரும் அமரக்கூடாது. மடியில் அரிவாளை வைத்துக்கொண்டு செல்வது பாதுகாப்பென்று சிலர் எண்ணுகின்றனர். குலுங்கும் தட்டில் விழப்போகும் ஒருவர் முதலிற் செய்வது கையை விரித்து எதையேனும் பற்றுவது; அப்போது மடியிலிருந்த அரிவாள் எங்கே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளை இத்தட்டில் ஏற்றுதல் ஒருபோதும் ஆகாது.

திரும்பும் பயணத்திற் கருவிகளோடு விளைபொருளும் ஏறுகின்றது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் செல்லும் உருளைக்கிழங்கு மூட்டையின்மேல் முள்ளை எறிந்தால், குத்துப்பட்ட கிழங்கு அழுகத் தொடங்கி, அதன் நீர் பட்ட அயற் கிழங்குகளும் அழுகும். தக்காளிக்கும் பூசணிக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரு குத்தினால் இழப்பது ஒரு கிழங்கையன்று, மூட்டையின் விலையை.

இனிக் கிருமிநாசினி, களைநாசினி ஆகியவற்றைப் பற்றிச் சிறிது அழுத்தமாகவே கூறவேண்டியுள்ளது. இவற்றின் போத்தல்களைக் கருவிப் பெட்டியினுள் வைக்கக்கூடாது. கோடரி பட்டு உடைந்த போத்தலின் மருந்து பெட்டியிலுள்ள ஒவ்வொரு பிடியிலும் ஊறும். அப்பிடிகளை அடுத்த ஒரு போகம் முழுவதும் வெறுங்கையாற் பற்றவேண்டியிருக்கும். போத்தல்களை மூடியுள்ள ஒரு வாளியில் நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் மணல் இட்டு, தட்டின் பின்மூலையிற் கட்டுக. விதைநெல், அரிசி, சமைத்த சோறு, குடிநீர்க் கலம் ஆகியவற்றிலிருந்து அது இயன்றவரை விலகியிருக்கவேண்டும். தெளிகருவியைக் கழுவி, அமுக்கத்தை வெளியேற்றி, மூடியை இறுக்கி, நிமிர்த்தியே கொண்டுசெல்லவேண்டும்.

இது வீண் அச்சமன்று. 1958 ஆம் ஆண்டிற் கேரளத்தில், பரத்தியன் என்னும் பூச்சிகொல்லி கப்பலில் உணவுப் பொருளுடன் சேர்த்து ஏற்றப்பட்டுக் கசிந்தது. அது கலந்த கோதுமை மா முதலியவற்றை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அம்மருந்து இலங்கையில் 1984 இல் தடைசெய்யப்பட்டதெனினும், இன்று விற்கப்படும் மருந்துகளும் நஞ்சே. கப்பலில் நடந்தது ஒரு சிறு இழுவைப் பெட்டியிற் சிறிய அளவில் நடவாதென்று கூற யாதொரு நியாயமுமில்லை.

காயம் ஏற்படின்

தூய துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்துப் பத்து நிமிடம் விடாது அழுத்துக; இடையில் எடுத்துப் பார்க்கவேண்டாம். கோப்பித் தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சாம்பல் ஆகியவற்றைக் காயத்தில் இடும் வழக்கம் அறவே ஒழிக்கப்படவேண்டும். உடலிற் குத்தி நிற்கும் முள்ளையோ கத்தியையோ பிடுங்கலாகாது. அது அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டி, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்க. அச்சேவைக்குக் கட்டணம் இல்லை.

சிறு காயந்தானே என்று வயலில் இறங்குவோர் இரண்டு நோய்களை அறிந்திருக்கவேண்டும். ஏற்புவலியை உண்டாக்குவது துரு என்று பலரும் கருதுகின்றனர். துருவன்று, மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒரு கிருமியே அதற்குக் காரணம். ஆழமான, காற்றுப் புகாத காயத்தில் அது பெருகும். எனவே புத்தம்புதிய முள்ளாயினும் மண் படிந்ததாயின் ஆபத்தே. வைத்தியசாலைக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேட்கவேண்டும். மற்றையது எலிக்காய்ச்சல். எலி முதலிய விலங்குகளின் சிறுநீரின் மூலம் வயல்நீரிற் கலக்கும் கிருமி, காலிலுள்ள கீறலின் வழியே உடலிற் புகுகின்றது. காலை வாகனத்திலிருந்து இறங்கும்போது அரிவாள் பட்டுக் கீறிய கால், அன்று முழுவதும் சேற்றில் நிற்கக்கூடாது. இந்நோய் பரவும் பகுதிகளில் முன்கூட்டியே உட்கொள்ளவேண்டிய மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரிக்கலாம்.

ஏற்றலும் இறக்கலும்

வாகனம் ஓடும்போது மாத்திரமன்றி, நிற்கும்போதும் கை கால் வெட்டுப்படுகின்றது. தட்டில் நிற்பவருக்குக் கீழிருந்து கருவியை எறிதல் கூடாது. பிடியை முன்னே நீட்டிக் கையிற் கொடுக்கவேண்டும். அவர் ‘பிடித்தேன்’ என்று சொன்னபின்பே விடுக. இறக்கும்போது முதலில் ஆட்கள் இறங்கட்டும், அதன்பின் பெட்டி திறக்கப்படட்டும். உறைகளை வயல் வரம்பில் வைத்தே கழற்றுக. கழற்றிய உறைகளைப் பெட்டியினுள்ளே போட்டுவிடாவிடின் மாலையில் அவற்றைத் தேடுவார் ஒருவருமிரார்.

ஒவ்வொரு கருவியின் பிடியிலும் இரண்டங்குல அகலத்துக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் வர்ணம் தீட்டுவது நல்ல பழக்கம். மூன்று வீட்டாரின் கருவிகள் ஒரே லொறியில் வந்தால் வீட்டுக்கொரு நிறம் வைத்துக்கொள்ளலாம். புல்லிடையும் சேற்றிடையும் கிடக்கும் பிடி கண்ணுக்கு எளிதிற் புலப்படும். மூடியின் உட்புறத்தில் என்னென்ன கருவி எத்தனை என்பதை எழுதி, மாலையில் வாகனம் புறப்படுமுன் எண்ணிப் பார்க்கவேண்டும். வயலில் விடுபட்ட அரிவாள் மறுநாள் ஒருவரின் காலை வெட்டும். அல்லது வைக்கோலுள் மறைந்து கிடந்து அறுவடை இயந்திரத்தின் வாயில் அகப்படும். அறுவடை இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்தியவர், ஓர் இரும்புத் துண்டினால் அது பழுதுபட்டு நிற்பதையும், மழை மேகம் எழுவதையும், முற்றிய நெல் வயலிற் சாய்வதையும் ஒருங்கே பார்த்துக்கொண்டு நிற்க நேரும்.

எண்ணிக்கை குறைந்தால் தேடி எடுத்தபின்பே வாகனத்தை எடுக்கவேண்டும். இருட்டிவிட்டால், தேடவேண்டிய இடத்தில் ஒரு தடியை நட்டு அதிற் துணி ஒன்றைக் கட்டி, மறுநாட் காலையில் அவ்வழியாக வேலைக்கு வருபவர்க்கும் அறிவித்துவிட்டுச் செல்க.